தவணை அக்காவின் பூட்டிய வீடு

தவணை அக்காவின் வீட்டைப் பூட்டியது வங்கி. அதைப் பாழாக்கியது நாம். இரண்டையும் பார்த்துப் பார்த்து ஏங்கியே போய்ச் சேர்ந்தார் அக்கா.

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, இடம் இல்லாமல் மாடிப்படி வரை நின்றுகொண்டிருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். இரங்கல் கூட்டத்தில் இப்படியா தொடங்குவது என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. மன்னியுங்கள். நான் எலக்ட்ரீஷியன். கம்பி எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் கை வைத்துப் பழக்கம். பூசி மெழுகிப் பேச வராது.

அக்கா மருந்துக்கடையில் நின்றபடி வேலை பார்த்தவர். இருமல் மருந்து கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்தே, "இது இருமல் இல்ல, வீட்டுத் தவணை. மாடிக்கு ஏறுங்க, வர்றேன்" என்பார். வீட்டுக் கடனில் சிக்கியவர்களுக்கான நம் சங்கம் அந்த மாடியில்தான் பிறந்தது. பெயரும் அப்படித்தான் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

தையல்காரம்மா இங்கேதான் இருக்கிறார், சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். வங்கியிலிருந்து ஆள் வந்தால் இவர் கட்டிலுக்கு அடியில். "அம்மா ஊர்ல இல்லை" என்று பிள்ளை வாசலில். தவணை கட்டாமல் ஓடிய மாதங்கள் எல்லாம் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் ஓடின. ஒருநாள் அக்கா போய்க் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். "ஏம்மா, நீ ஒளிஞ்சா வட்டியும் கூட வந்து ஒளிஞ்சுக்குமா? வெளிய வா!" கையைப் பிடித்து நேராக வங்கிக்கு இழுத்துப் போனார். தவணையைக் குறைத்துக் கடன் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "நீங்க இவங்களுக்கு யாரு?" என்றார். "பக்கத்து நாற்காலி" என்றார் அக்கா. அன்று மாலைக்குள் கடன் காலம் நீண்டது. தையல்காரம்மா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். இப்போது கட்டிலுக்கு அடியில் பூனைதான் படுக்கிறது.

இந்தத் துணிச்சல் அக்காவுக்கு எங்கிருந்து வந்தது? தன் வீட்டைத் தோற்ற இடத்திலிருந்து வந்தது! வெல்டிங் வேலை பார்த்த கணவர் படுக்கையில் விழுந்தபோது, வங்கியின் எண்ணைப் பார்த்தாலே போனை அணைத்து வைத்தவர் அக்கா. கடன் கொடுக்கும்போது வீடு தேடி வந்து சிரித்தவர்கள், கணவர் போன துக்கம் ஆறும் முன்பே பூட்டோடு வந்தார்கள். "அன்னைக்கு யாராச்சும் ஒருத்தர் என் பக்கத்துல உக்காந்திருந்தா போதும்டா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைக்காத அந்த ஒருவராக ஊருக்கெல்லாம் போய் உட்கார்ந்தார்.

அவர் வைத்த ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வங்கி பறித்த வீட்டை நம்மில் ஒருவர் வாங்குவதானால், முதலில் அதை இழந்தவரைப் போய்ப் பார்க்க வேண்டும். "ஏலத்துல வீடுதான் கிடைக்கும். குடியிருக்கச் சொல்ல வேண்டியவர் அவர்தான்" என்பார். வீடு வாங்கவிருந்த முடிதிருத்துபவர் ஒருவரை, அதை இழந்த லாரி டிரைவரிடம் அப்படிக் கூட்டிப் போனோம். டிரைவர் தலையே நிமிரவில்லை. நாங்கள் கிளம்பும்போதுதான் வாய் திறந்தார். "மாடிப்படில ஒண்ணு ஆடும். குழந்தைங்க இருந்தா பாத்துக்குங்க." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அந்த வீடு கைமாறிவிட்டது!

எவ்வளவு நல்ல வழக்கம்! அந்த நல்ல வழக்கத்தை வைத்தே நாம் அக்காவைக் கொன்றோம்.

அக்காவின் வீடு ஏலத்துக்கு வந்தது. வழக்கப்படி அவரிடமே போய்க் கேட்டோம். "தாராளமா வாங்குங்க" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியதோ இல்லையோ, கலங்கியதாகவே நாம் முடிவு கட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். அக்கா வீட்டை எப்படி வாங்குவது, மனசு கேட்குமா என்று ஒவ்வொருவராக ஒதுங்கினோம். கடைசியாகப் பஸ் டிரைவர் தம்பியும் நர்ஸாக இருக்கும் அவர் மனைவியும் வந்தார்கள். வாடகை வீட்டில் வெந்துகொண்டிருப்பவர்கள். அவர்களுக்காக வயரிங்கைப் பார்க்க நான் உள்ளே போனேன். திரும்பி வந்ததும் அக்கா கேட்டார்.

"சமையலறை ஜன்னல்ல காலையில வெயில் விழுதாடா?"

"ஜன்னலே தெரியலக்கா. பலகை அடிச்சு மூடியிருக்காங்க. சுவரெல்லாம் ஓதம்."

"ஒரு பொய் சொல்லத் தெரியாதாடா உனக்கு?" என்று சிரித்தார். பிறகு நெடுநேரம் மருந்து அலமாரியையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

டிரைவர் தம்பியும் பின்வாங்கினார். "அக்கா வீட்டுல நாங்க எப்படிண்ணே கால் நீட்டிப் படுக்கிறது?" என்றார். அதைக் கேட்டு அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பாசம் பாசம்னு சொல்லி வீட்டக் கொல்றீங்கடா! நானா திரும்பப் போய்க் குடியிருக்கப் போறேன்? அந்த ஜன்னல்ல ஒரு விளக்கு எரியணும். கொடியில யார் துணியாச்சும் காயணும். உள்ள புருஷன் பொண்டாட்டி சண்ட போடுற சத்தம் தெருவுக்குக் கேக்கணும். இது ஒரு பெரிய ஆசையா?"

கடை மூடியதும் சுற்று வழியில் அந்தத் தெரு வழியாகத்தான் அவர் நடந்து போவார். எதற்கு என்று யாராவது கேட்டோமா? கால் வலிக்கு நல்லது என்று அவர் சொன்னதை நம்பினோம். இருட்டிக் கிடக்கும் வீட்டில் என்றாவது ஒரு வெளிச்சம் தெரியாதா என்று பார்க்கப் போன நடை அது.

மருத்துவமனையில் கடைசியாகப் பக்கத்தில் இருந்தவர் அந்த நர்ஸ் தங்கைதான். "வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார் அக்கா. "போட்டாச்சுக்கா, சாமான் ஏத்திக்கிட்டிருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார் தங்கை. எனக்கு வராத பொய் அவருக்கு வந்தது. அக்கா கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார்.

அந்தப் பொய்யை மெய்யாக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் வங்கிக்குப் போனார்கள். என்ன பதில் தெரியுமா? அந்த வீட்டை இனி தனியாகத் தர மாட்டார்களாம். இதுபோல் கிடக்கும் வீடுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி ஒரே நிறுவனத்துக்குக் கைமாற்றப் போகிறார்களாம். அந்த நிறுவனம் குடியிருக்கவா வாங்குகிறது? விலை ஏறும்வரை பூட்டி வைக்க வாங்குகிறது!

உறவுகளே, அக்கா விட்ட நாற்காலியில் இனி நாம் மாறி மாறி உட்காருவோம். எந்தக் கதவு தட்டப்பட்டாலும், உள்ளே இருப்பவர் தனியாகத் திறக்க விடமாட்டோம். இனி ஒருவர் "வாங்குங்க" என்று சொன்னால், அந்த வார்த்தையை நம்புவோம்.

மேலாளர் அவர்களே, சற்று முன் அக்காவை இந்த ஊரின் தாய் என்றீர்கள். கைதட்டினோம். இந்தக் கிளைக்கு நீங்கள் புதியவர், பூட்டியது நீங்கள் இல்லை என்பதும் தெரியும். ஆனால் இன்று முடிவு உங்கள் கையில். டிரைவர் தம்பியும் நர்ஸ் தங்கையும் அதோ எழுந்து நிற்கிறார்கள். அந்த வீட்டை மூட்டையிலிருந்து எடுத்து இவர்களுக்குத் தருகிறேன் என்று இவ்வளவு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஒலிபெருக்கியை உங்கள் பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.

சொல்லுங்கள், ஐயா.

போனை அப்புறம் பார்க்கலாம். சொல்லுங்கள்.