பூங்காவைச் சுற்றாத கடிதம்

மேடையில் அமர்ந்திருக்கும் வெளியுறவு அமைச்சர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, அமைச்சகத் தோழர்களே, அஞ்சலி செலுத்தக் கையில் ரொட்டியும் மெழுகுவத்தியுமாக வந்திருக்கும் கிஷினாவ் நகரத்துப் பெருமக்களே, முன்வரிசையில் கண்ணீரோடு இருக்கும், மறைந்த அம்மையாரின் மகள் லியுபா! நான் ஸெராஃபிம் கோபான். தூதர் தொம்னிகா செபொத்தாரி அம்மையாரின் கீழ் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை வாயாரப் புகழ்ந்தார்கள். கடைசியில், "பாவம், ஞாபகம்தான் அவர் காலை வாரிவிட்டது" என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டபின் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுதி வந்த உரையைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டேன்.

நம்முடையது சின்ன நாடு. கிழக்கே ஒரு பெரியவர், மேற்கே ஒரு பெரியவர். ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் இன்னொருவருக்கு முகம் சிவக்கிறது. இந்த இருவருக்கும் நடுவே இருபது ஆண்டுகள் நம்மைத் தலைநிமிர்ந்து நிற்க வைத்தது யார்? தொம்னிகா செபொத்தாரி! எந்தக் கடிதமானாலும் அவருக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். இரண்டு தூதரகத்துக்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். காரைக் கண்டால் பத்திரிகைக்காரர்கள் பின்னால் வருவார்கள் என்று நடந்தே போவோம். அமைச்சகத்திலிருந்து கிழக்குத் தூதரகத்துக்கு முக்கால் மணி நேர நடை. மேற்குத் தூதரகமோ கூப்பிடு தூரம். ஆகவே மேற்குத் தூதரகக் கடிதத்தை எடுத்துப் போகிறவர், குறித்த மணி அடிக்கும்வரை தேவாலயப் பூங்காவைச் சுற்றி வர வேண்டும். "என்ன சார், வீட்ல சண்டையா? காலையிலேயே சுத்த ஆரம்பிச்சிட்டீங்க?" என்று பூக்காரிகள் கேலி செய்வார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். மைனஸ் பதினெட்டு டிகிரி. 'எங்கள் மண்ணில் உங்கள் இருவரின் படைகளுக்கும் இடமில்லை' என்ற கடிதத்தின் மேற்குத் தூதரகப் பிரதி என் கையில். ஒரு சுற்றுச் சுற்றினேன். காது விறைத்துவிட்டது. ஐம்பது வயது ஆலோசகன் பைத்தியக்காரனைப் போல் மரத்தைச் சுற்றுவதா என்று எரிச்சல் வேறு. நேராகப் போய்க் கொடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம் முன்னால்!

அந்த நாற்பது நிமிடத்துக்குள் மேற்குக்காரர்கள், "எங்களிடம்தான் முதலில் சொன்னார்கள்" என்று அறிவித்துவிட்டார்கள். கிழக்குக்காரர்கள் கொதித்துப்போய் எரிவாயுப் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்துவிட்டார்கள். அந்தக் குளிரில் எரிவாயு நின்றால் நம் ஆஸ்பத்திரிகள் என்னவாகும்? பிள்ளைகள் என்னாவார்கள்?

ஆம், செய்தவன் நான்தான்! அம்மையாரிடம் ஓடினேன். "அம்மா, குளிர் தாங்காமக் குடுத்துட்டேன்னு நானே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"வாய மூடு ஸெராஃபிம். அத எவன் நம்புவான்? வேணும்னே செஞ்சாங்கம்பான். கிழவி நேரத்த மறந்துட்டான்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவான். சிரிக்கட்டுமே! அதனால நம்ம நாட்டுக்கு என்ன கொறஞ்சிடும்?"

அப்படியே சொன்னார். கிழக்குக்காரர்கள் சிரித்தார்கள். மறுநாளே பேச்சுவார்த்தைக்குத் திரும்பினார்கள். அடுத்த வாரம் அம்மையாருக்குக் கட்டாய ஓய்வு. கோப்பில் எழுதிய காரணம் மறதி. எனக்கோ பதவி உயர்வு! நான் ஒரு பயந்தாங்கொள்ளி, தோழர்களே. வாயைத் திறக்கவே இல்லை.

ஒருமுறை வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். மகளிடமாவது உண்மையைச் சொல்லலாமே என்று கெஞ்சினேன். "ஐயோ, அவகிட்டயா? அவளுக்கு ஓட்ட வாய்! சந்தையில கொட்டிடுவா. சாயங்காலத்துக்குள்ள கிழக்குக்காரன் காதுக்குப் போயிடும். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன், போ" என்றார். அழுதுகொண்டே படியிறங்கினேன்.

அமைச்சர் அவர்களே, அன்றைய எரிவாயு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. இனி இந்த உண்மை நாட்டைச் சுடாது, என்னை மட்டும்தான் சுடும். கோப்பில் மறதி என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். தோழர்களே, பெரியவர்கள் எவருக்கும் ஒரு நிமிடம்கூட முன்னதாகத் தலைவணங்க மாட்டோம் என்று அம்மையாரின் படத்துக்கு முன் உறுதி சொல்வோம்!

லியுபா, அமைச்சகம் சொன்னதை நம்பி ஒன்பது வருடம் நீ அம்மாவை அடுப்பைத் தொட விடவில்லை, வாசல் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டாய். உன்மேல் தப்பே இல்லை, மகளே. அவர் உன்னிடம் சொல்லாததை இன்று நான் சொல்கிறேன். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.