எல்லைக்கோட்டில் நின்ற கோச்

ஆட்டத்துக்குப் போகும் நாளில் என் கறுப்பு ஷூவை நானே துடைத்துக்கொள்வேன், தலைவரே. நம் ஊர் சான் இசித்ரோ திருவிழாக் கூடைப்பந்துக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் நடுவர். நடுவர் மேல் தூசு இருக்கக் கூடாது.

நான் விதிப்படி நடந்தேன் என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். அது பொய்யில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

கோச் எலிசியோவை உங்களுக்குத் தெரியும். அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவர் கால் தரித்ததே கிடையாது. நான் முதலில் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல், "போதும் கோச்" என்பேன். அடுத்து வாய்விட்டு எச்சரிப்பேன். அப்புறம்தான் டெக்னிக்கல் ஃபவுல். அது இரண்டானால் அரங்கை விட்டே போக வேண்டும். போன வருட இறுதி ஆட்டத்தில் அப்படித்தான் போனார். கோப்பையும் போனது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"என்ன ரெஃப், கண்ணைக் கழட்டி வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா? வீட்ல உன் பேச்சு எடுபடாதுன்னுதானே இங்க வந்து விசில் ஊதுற?"

கூட்டம் சிரித்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஓரத்தில் வாழைப்பழம் வறுத்து விற்றுக்கொண்டிருந்த என் மனைவி லூர்திஸும் சிரித்தாள். முதல் டெக்னிக்கல் கொடுத்தேன்.

"இன்னொரு தடவை கோட்டைத் தாண்டுனீங்கன்னா வெளியதான் கோச்."

சற்று நேரத்தில், அவர் அணியில் ஆடிக்கொண்டிருந்த அவர் தம்பி டியோனெல் நடுக்களத்தில் மண்டியிட்டான். அவனுக்கு மூச்சு இழுப்பு உண்டு என்பது ஊரறிந்த விஷயம். உறிஞ்சும் மருந்தை எப்போதும் அண்ணன்தான் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

விழுந்தவனைப் பார்க்க கோச் உள்ளே வர வேண்டுமானால் நடுவர் கையசைக்க வேண்டும். எலிசியோ மருந்தும் கையுமாக எல்லைக்கோட்டில் நின்றார். விரல்நுனிகூடத் தாண்டவில்லை. நான் அவரை நன்றாகப் பழக்கியிருந்தேன்.

"சார், உள்ள வரட்டுமா?"

கடிகாரத்தை நிறுத்திவிட்டார்களா என்று நேரம் குறிப்பவர் மேசைப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

"சார், அவனுக்கு மூச்சு வரல சார். கை காட்டுங்க சார்."

கை காட்டினேன். தரை துடைக்கும் பெண்ணுக்கு. வியர்வை சிந்தியிருந்தது, யாராவது வழுக்கி விழுந்தால் என் பொறுப்பு. அவள் வந்து, அவனைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு எலிசியோ அனுமதியில்லாமலே ஓடி வந்தார். உறிஞ்சுவதற்கு டியோனெலிடம் மூச்சு மிச்சமில்லை.

மருந்தை யாரிடமாவது எறிந்திருக்கலாமே என்று நானும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். எறிந்திருக்கலாம்தான். ஆனால் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலேயே ஆனது. அந்த நேரத்தில் விதி எதுவும் என் நினைவில் இல்லை. அவனைக் கொன்றது நான்தான். அன்று வரை, பதினெட்டு வருடத்தில் எலிசியோ என்னை ஒரு தடவைகூட சார் என்று கூப்பிட்டதில்லை. லூர்திஸ் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அவள் காதில் விழ, இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.