காஸ்பருக்குச் சொல்லிக் கொடுத்த பாவம்

செஞ்சியிலிருந்து இந்த மனநல மருத்துவமனைக்கு வரப் பேருந்துக்குக் குறையில்லை, டாக்டர் அம்மா. உட்கார இடம்தான் கிடைக்காது. இந்தப் பதினான்கு மாதமாக, தம்பி காஸ்பரைப் பார்க்க மாதம் இரண்டு முறை வருகிறேன். இன்று நீங்கள் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். என்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது.

அவனுக்குச் சொந்தமாகப் பாவம் செய்யத் தெரியாது. சின்ன வயதில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் வரிசையாக நிற்கும்போது என் கையைப் பிடித்து இழுப்பான்.

"யக்கா, நான் இன்னா பாவம் செஞ்சேன்?"

நான் செய்ததில் இரண்டைச் சொல்லிக் கொடுப்பேன். "எத்தினி தபா?" என்றும் கேட்டுக்கொள்வான். சாமியார் எண்ணிக்கை கேட்பாரே. உள்ளே போய் அப்படியே ஒப்பித்துவிட்டு அழுதுகொண்டு வருவான். நடிப்பில்லை. சொல்லச் சொல்ல, அவனுக்கு அது நடந்ததாகவே ஆகிவிடும். இருபது வயதில் மனநோய் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என் கணவர் அலெக்சாண்டர் கெட்டவர் இல்லை. தவக்காலத்தில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"உன் தம்பிய ஹோம்ல சேத்துடலாம், விமலா. எனக்கு டென்ஷன் தாங்கல. ஈஸ்டர் முடிஞ்சதும் வண்டி வரும்."

"உங்கள கடிச்சா வெச்சுட்டான்?"

"கடிக்கிற வரைக்கும் வெச்சிக்கணுமா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து காஸ்பரின் மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். பத்து நாளில் அவன் தனக்குத்தானே கத்த ஆரம்பித்தான். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

சிங்கவரம் சாலையில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போட்ட நிலம். அன்று அவர் கிணற்று மோட்டார்மேல் குனிந்திருந்தார். என் கையில் மண்வெட்டி இருந்தது. எல்லாம் முடிந்தபோது, கடையில் டீ வாங்கிக்கொண்டு காஸ்பர் வந்தான்.

"யக்கா, மாமா ஏன் படுத்துனு இருக்காரு?"

"நீதான்டா அடிச்சிட்ட."

டீயைச் சிந்தாமல் வரப்பில் வைத்தான்.

"எத்தினி தபா?"

"ரெண்டு."

ஸ்டேஷனிலும் இரண்டு என்றான். பிரேதப் பரிசோதனையிலும் இரண்டு காயம். அதன்பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

நோயாளியைத் தூக்கில் போட மாட்டார்கள், வைத்தியம் பார்ப்பார்கள். நான் உள்ளே போனால் அவனுக்கு யார் சோறு போடுவது? எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். நீங்கள் இவ்வளவு நன்றாக வைத்தியம் பார்ப்பீர்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இன்று காலை அவனே கேட்டான். "யக்கா, நான் அடிச்சேன்னா, என் கையில இருந்த டீ எப்பிடி சிந்தாம இருந்துச்சு?"

உங்களிடமும் அதைக் கேட்டிருப்பான்.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தடவையும் அடித்தது நான்தான். ஆனால் அவனை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தவர் அவர், நான் இல்லை.