என் ஆம்ப்பில் எட்மண்டின் பேஸ்

கிடார் ஆம்ப்ளிஃபயரில் பேஸ் கிடாரைச் செருகக் கூடாது, சார். விற்கிற கடைக்காரர்களே சிலபேர் இதைச் சொல்வதில்லை. சத்தம் என்னவோ வரும். ஆனால் பேஸின் தடித்த தந்தி அதிரும்போது உள்ளே ஸ்பீக்கரின் காகிதம் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மைக்செட் நசீருதீன் பாய்க்கும் இது தெரியும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் குப்புராஜ். மேடவாக்கத்தில் எங்கள் நிலம் பிளாட் ஆனபோது அண்ணன் தண்ணீர் லாரி வாங்கினான், நான் ஆம்ப் வாங்கினேன். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த ஆம்ப் இருந்ததால்தான் தாம்பரத்து மெல்லிசைக் குழுவில் எனக்கு லீட் கிடார் கிடைத்தது. போன வருஷம் எட்மண்ட் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தான். அவனிடம் ஆம்ப் இல்லை. குழுவை நடத்தும் வேதசிரோமணி சார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பேஸ் இல்லாம பாட்டே நிக்காது, குப்புராஜ். ஆம்ப்ப அவனுக்குக் குடுத்துட்டு நீ மைக்செட்லயே வாசி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

மைக்செட்டில் என் கிடார் கொசு மாதிரி கேட்டது. ஸ்பீக்கர் கிழியக் கிழிய நான் பசை போட்டு ஒட்டினேன். வால்யூமைக் குறைக்கச் சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது.

"இன்னாண்ணா, பேஸ்னா வயித்துல வந்து இடிக்கணும்ல? கிழிஞ்சா நான் வாங்கித் தரேண்ணா" என்று எட்மண்ட் சிரிப்பான். நல்ல பையன்தான். கல்யாண வீடுகளில் எல்லோரும் அவன் பக்கமே பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு சின்ன ஷாக் அடித்தால் பயந்துபோய் என் ஆம்ப்பை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அந்த ஆம்ப்பில் கொஞ்சம் கரண்ட் கசியும். எர்த் வயர்தான் அதை மண்ணில் இறக்கும். வயரைக் கழற்றிவிட்டால் கரண்ட் கிடார் தந்திவரைக்கும் வந்துவிடும். காலில் ரப்பர் ஷூ இருந்தால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். எனக்கே பலமுறை அடித்திருக்கிறது.

ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரி வந்தது. அங்கே மேடை கிடையாது, சன்னதிக்கு எதிரே வெறுந்தரையில் நின்றுதான் வாசிப்போம். சாயங்காலம் தூறல் விழுந்து தரை ஈரமாக இருந்தது. நசீருதீன் பாய் எர்த் கம்பியைப் பக்கத்து மண்ணில் அடித்து, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினார். அவர் டீ குடிக்கப் போனபோது ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து உள்ளே இருந்த எர்த் வயரை மட்டும் கழற்றினேன். எட்மண்ட் வேதக்காரப் பையன். ஆனாலும் எங்களுக்கெல்லாம் முன்னால் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தவன் அவன்தான்.

தந்தியைப் பிடித்ததும் விழுந்தான். கை தந்தியை விடவில்லை. பேஸ் உறுமிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள், நான் ஆம்ப்பிடம் ஓடினேன். முதலில் வால்யூமைக் குறைத்தேன். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கல்லறையில் அவன் பெண்டாட்டி சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாச்சும் ஓடிப்போய் கரண்ட்ட நிறுத்துனீங்களேண்ணா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை. இனி எந்த மேடையிலும் என்னால் நிற்க முடியாது.

கொல்ல நினைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். பயமுறுத்தத்தான் செய்தேன். ஆடிக்கு முன்னால் கல்யாண ரிசப்ஷன்கள் எத்தனையோ வந்தன, ஒன்றிலாவது அந்த வயரைத் தொட்டேனா? அங்கெல்லாம் அவன் ஷூ போட்டிருந்தான்.