பொழுது சாய்ந்தால் மறுநாள்

— நாப்பது மில்லியன் ரூப்பியா, மச்சினி. சந்தைநாளுக்கே ஜகார்த்தாக்காரன் விலை சொல்லியிருக்கான். சூரியனுக்கும் சேத்து ஒரு விலை கேட்டுப் பாப்பமா?

— நாளுக்கு இல்ல அத்தான். எந்தத் தேதியில, பொன், வாகேன்னு மாறி மாறி வர்ற அஞ்சு சந்தைநாள்ல எது வரும்னு கணக்குப் போடற என் கணினி நிரலுக்கு. வேணாம்னுட்டேன். யாரு வேணா எடுத்துக்கலாம்னு உரிமம் எழுதி இன்னிக்கே வெளியிடறேன்.

— முப்பது வருஷமா ஆடு விக்கறேன், நிங்ரும். வந்த விலைய வேணாம்னுட்டு சும்மா குடுக்கறவள இப்பத்தான் பாக்கறேன். அதுக்கு இந்த வாகிமன் எதுக்கு?

— உங்க சந்தை நோட்டுலேர்ந்து நூத்துச் சொச்சம் தேதி குடுத்தது நீங்க. நான் நடுராத்திரியில நாள மாத்தி வச்சிருந்தேன்; பொழுது சாஞ்சாலே மறுநாள்னு திருத்தினதும் நீங்க. உரிமத்துல உங்க பேரும் வரணும். நீங்க ஒத்துக்காம வெளியிட மாட்டேன்.

— அப்ப கயிறு என் கையில. என்ன எழுதியிருக்கே, படி.

— யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கலாம். நம்ம ரெண்டு பேர் பேர மட்டும் எடுக்கக் கூடாது.

— ஜகார்த்தாக்காரனும் விக்கலாமா?

— விக்கலாம்.

— வெளங்கிரும். அப்புறம்?

— கடைசி வரி: இருக்கறபடி தர்றோம். தப்பு இருந்தா நாங்க பொறுப்பில்ல.

— அட, இது நம்ம ஆட்டுச் சந்தைப் பேச்சு. கயிறு கை மாறினப்புறம் ஆடு இருமினா, வாங்கினவன் பாடு. இத எழுதினவன் ஆடு வித்திருக்கான்.

— அப்ப சம்மதமா?

— ஒண்ணு கேப்பேன். பேரு இருக்கட்டும். சோதனைக்கு வச்சிருக்கியே என் பொறந்தநாளு, அத எடுத்துரு.

— எப்படி எடுக்கறது? சந்தையெல்லாம் பகல்ல. பொழுது சாஞ்சப்புறம் வர்றது அது ஒண்ணுதான். வியாழன், பொன் நாள், ராத்திரி ஏழு மணி. பொழுது சாஞ்சதால வெள்ளி, வாகே. அதனாலதானே உங்களுக்கு வாகிமன்னு பேரு.

— வேற யாரையாவது போடேன். உங்கக்கா லெஸ்தாரி?

— அவ காலையில பொறந்தவ. என்ன கூச்சம், வயசு தெரிஞ்சிருமா?

— என் வழுக்கை சொல்லாததையா அது சொல்லப் போவுது. ஆமா, இத யாரு வேணா தொறந்து பாக்கலாமா?

— அதுக்குத்தானே வெளியிடறேன். தப்பு இருந்தா ஊரே பாக்கற மாதிரி திருத்தி எழுதுவாங்க.

— எங்கூரு மருத்துவச்சி மகனுமா?

— கணினி தெரிஞ்சா அவரும்தான்.

— அவன் கணினி வாத்தியாரு. அவங்கம்மா எழுதி வச்ச பிரசவ நோட்டு இன்னும் அவன்கிட்டத்தான் கெடக்கு.

— கெடக்கட்டுமே. அத்தான், நீங்க ஏழு மணிக்குத்தானே பொறந்தீங்க?

— பொழுது சாஞ்சா மறுநாள், அதுல பழுது இல்ல மச்சினி. ஆடு நல்ல ஆடு.

— ஆட்ட விடுங்க. எத்தன மணி?

— சாயங்காலம் நாலு. பொன் நாள்ல பொறந்த அண்ணன் பொனிமன் ஏற்கெனவே வீட்டுல இருந்தான். இன்னொரு பொனிமன் எதுக்குன்னு எனக்கு அடுத்த நாள் பேர வச்சுட்டாங்க.

— அப்ப கல்யாணத்துக்கு எங்கப்பாகிட்ட குடுத்த பொருத்தக் கணக்கு?

— பொறந்த கெழமைக்கு ஒரு எண்ணு, சந்தைநாளுக்கு ஒரு எண்ணு, கூட்டிப் பாக்கறதுதானே. வாகேன்னு குடுத்தது: என் பத்து, உங்கக்கா பத்து, கூட்டி இருபது. நெசக் கணக்கு: என் பதினஞ்சு, அவ பத்து, கூட்டி இருபத்தஞ்சு. இருபத்தஞ்சுக்கு நம்மூர்ல எவன் பொண்ணு குடுப்பான்? பத்தொம்பது வருஷமாச்சு, மூணு புள்ள ஆச்சு. உங்கப்பா கேட்டா, அந்த உரிமத்தோட கடைசி வரியப் படிச்சுக் காட்டு.