ஜானாவின் கோரையில் விட்ட புழுக்கள்

கோரைப்புழு பிடிக்கப் பொறுமை வேண்டும், தரோகா பாபு. உங்கள் போலீஸ் பிடிப்பதுபோல் இல்லை. தண்டை லேசாக விரித்தால் உள்ளே பச்சையாகச் சுருண்டு படுத்திருக்கும். அழுத்தினால் செத்துவிடும். எனக்கு அவை உயிரோடு வேண்டியிருந்தன. சோற்றுப் பருக்கையைப் பொறுக்குவதுபோல் பொறுக்கினேன்.

போன வருஷம் இந்தப் புழுவுக்குத்தான் பக்கத்து வயல் நிமாய் ஜானா மருந்தடித்தான். அடித்த டப்பாவை எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குளத்தில் கழுவினான். அங்கே மயங்கி மிதந்த மீனை என் மகள் டுசு அள்ளிவந்து, ஆசையாக வறுத்துத் தின்றாள். நான் சந்தையிலிருந்து வருவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

"புழுவுக்கு அடிச்ச மருந்து பௌதி. மிதக்குற மீனைத் திங்காதேன்னு புள்ளைக்கு நீங்கல்ல சொல்லியிருக்கணும்?" என்று என்னை அண்ணி முறை வைத்தே ஊர்க்கூட்டத்தில் ஜானா கேட்டான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் வயிறு எரிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த வருஷம் அறுப்பு நெருங்கியபோது, என் வயல் புழுவையெல்லாம் அவன் கோரையில் விட்டேன். பதறிப்போய் மருந்தடித்தான். மறுபடி விட்டேன். மறுபடி அடித்தான்.

"உங்க வயல்ல மட்டும் ஒண்ணுகூட இல்லியே, எப்படி பௌதி?"

"நான் கையால பொறுக்குறவ தம்பி. உனக்குத்தான் மருந்து இருக்கே, நல்லா அடி."

மழை பெய்யவில்லை. துர்கா பூஜைக்குள் பாய் முடிக்கும் அவசரத்தில் கோரையை அவன் அலசக்கூட இல்லை. மெல்லிய பாய்க்கு நாங்கள் கோரையின் நுனியைப் பெரும்பாலும் பல்லில் கடித்தே கிழிப்போம், உங்களுக்கே தெரியும். அவன் வீட்டில் அந்த வேலை அவனுடைய ஒரே மகள் ரிங்கியுடையது. டுசுவோடு படித்தவள். என்னைச் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிடுவாள். எனக்குப் பிடித்த பெண்தான்.

கூடமாட ஒத்தாசைக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

"காக்கிமா, நாக்கு மரத்துப்போவுது."

"புதுக் கோரை அப்படித்தான்டி. துப்பிட்டுக் கிழி. மாமியார் வீட்டுலயும் இப்படித்தான் சாக்குச் சொல்லப்போறியா?"

சிரித்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டியிலேயே உயிர் போய்விட்டது. ஜானா தெருவில் புரண்டு அழுதான். பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

மருந்து அடித்தவன் அவன். கடித்தவள் அவள். நான் புழுவை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். அதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை?

அன்று கிழித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருமுறை ரிங்கி, "பல்லால முடியல காக்கிமா, கத்தி எங்க போச்சு?" என்று தேடினாள். அதன்மேல் பாயை விரித்து நான் உட்கார்ந்திருந்தேன்.