பதினொரு இலையும் ஒரு பெர்மிட்டும்

மாலைக் காற்று மணக்கும் இந்த வைகை மணலிலே, மன்றத்தின் நடுவே மாண்போடு வீற்றிருக்கும் அவைத் தலைவர், தோல் வியாபாரி, என் மதிப்புக்குரிய மாமா ஜனாப் முகைதீன் பிச்சை அவர்களே! முன்வரிசை ஜமுக்காளத்திலே முகம் கொடுத்தும் கொடுக்காமலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தட்டிக்கு அப்பால் இருந்துகொண்டு, நான் உளறினால் வீட்டிலே வைத்துக் கேட்கக் காத்திருக்கும் எங்கள் தெருத் தாய்மார்களே! கப்பலூரிலிருந்து கால்நடையாக வந்து, "உள்ளே வாருங்கள்" என்று மூன்று முறை அழைத்தும் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! பனியன் பறிபோன பந்தாட்ட வீரர்களே! இங்கே நடப்பதை முதலாளியிடம் ஒப்பிப்பதற்கென்றே வந்திருக்கும் நண்பர்களே, உங்களையும் சேர்த்துத்தான்! அத்தனை பேருக்கும் என் வணக்கம், என் சலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அப்துல் வஹீது. தெற்கு வாசலில் டிரங்குப் பெட்டி செய்கிறவன். இந்தப் பதினாறு வருஷமாக நம் கால்பந்து அணியின் காரியதரிசி. தகரம் தட்டிப் பழகிய கை இது. இன்றைக்கு ஒரு காகிதத்தைப் பிடித்திருக்கிறது.

இது இலங்கைக்குப் போகப் பெர்மிட் கேட்கும் விண்ணப்பம். நாளைக் காலை ரயிலில் மண்டபம் பெர்மிட் ஆபீசுக்குப் போயாக வேண்டும். பதினொரு ஆட்டக்காரர், ஒரு மானேஜர், சமையலுக்கு ஓர் ஆள். பதினொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்று குறைந்தாலும் வாங்கமாட்டார்கள். இந்த நிமிஷம் வரை ஐந்து கையெழுத்து விழுந்திருக்கிறது. ஆறு விழவில்லை. விழாத ஆறும் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறது, என் கண்ணைப் பார்க்காமல்!

இந்தக் காகிதத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னே, கப்பலூர்ச் சேரியிலிருந்து ஓர் அம்மா என் கடைக்கு வந்தது. கடைக்குள் ஏறாமல் தெருவிலேயே நின்று, "ஒரு பெட்டி வேணும்யா, எம்மகன் அவுக மாமங்கூடச் சிலோனுக்குப் போறான்" என்றது. செய்து கொடுத்தேன். "மூடியில அவம்பேர எழுதுங்கய்யா, தொலஞ்சிறக் கூடாது" என்றது. எழுதினேன்: சின்னான், கப்பலூர். அந்த அம்மா பெயர் முனியாயி. அதோ, ஓரத்திலே, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான்.

பெட்டி தொலையவில்லை, பெரியோர்களே. பையனும் தொலையவில்லை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து சுமக்கிறான், கல்யாணம் கட்டியிருக்கிறான், இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறான், அந்தத் தோட்டத்து அணிக்குக் கோல் காக்கிறான். இங்கே அவன் தம்பி சோலை நம் அணிக்குக் கோல் அடிக்கிறான். கடலுக்கு அந்தப் பக்கம் காக்கிற கை, இந்தப் பக்கம் அடிக்கிற கால், இரண்டையும் பெற்ற வயிறு ஒன்று! அந்தத் தோட்டத்து அணிக்காரர்கள் எழுதினார்கள்: "மதுரைக்கு வந்து உங்களோடு ஒரு மேட்ச் ஆட ஆசை." நாங்களும் வாருங்கள் என்று எழுதிவிட்டோம்.

அதற்குள் இலங்கையிலே வந்ததய்யா சட்டம்! தேயிலை பறித்தவன் பிரஜை இல்லையாம். காடு வெட்டினவன் கள்ளத்தோணியாம். கடலைத் தாண்டி இங்கே வந்தவன், கையில் காகிதம் இல்லையென்றால் திரும்பிப் போக முடியாதாம். கடிதத்தை முனியாயிக்குப் படித்துக் காட்டினேன். மகன் வருகிறான் என்று மகிழும் என்று நினைத்தேன். அந்த அம்மா என்ன சொன்னது தெரியுமா? "அவன் வரவேணாம்னு எழுதிப் போடுங்கய்யா. இங்கிட்டு வந்துட்டு அங்கிட்டுப் போக முடியலேன்னா அவம்பொண்டாட்டி புள்ளைக கெதி என்னாகுறது? நான் பாக்காட்டிப் போகுது." பதினொரு வருஷம் பார்க்காத பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்ல ஒரு தாய்க்கு எம்புட்டு நெஞ்சுரம் வேண்டும்! நான் அன்று கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அவன் வர முடியாதென்றால் என்ன? நாம் போவோம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் குறுக்கே வந்தார் நம் அணியின் சொந்தக்காரர், நூல் மண்டி முதலாளி அழகுமலை அவர்கள். அவர் பெயரில்தான் அணி: 'அழகுமலை லெவன்.' நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை... சரி, கொஞ்சம் சொல்லத்தான் வந்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். மண்டிக்குப் போனேன். "அண்ணே, சிலோனுக்குப் போய் ஆட உத்தரவு கொடுங்க" என்றேன்.

"வஹீது, முனிசிபல் எலெக்ஷன் வருது, தெரியுமில்ல? சிலோன்காரன் நம்ம ஆளுகள வெரட்டுறான். அவங்கூடப் பந்து வெளையாடப் போனா ஊரு என்னயக் காறித் துப்பாதா?" என்றார்.

"அண்ணே, நாம ஆடப்போறதே அவன் வெரட்டுற ஆளுககூடத்தானே" என்றேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது வாஸ்தவந்தான். ஆனா அது மேடைக்கு ஏறாதப்பா."

மேடைக்கு ஏறாதாம்! ஏறாதாம்! இதோ ஏற்றிவிட்டேன், பெரியோர்களே! அழுது நிற்கும் ஒரு தாயின் வழக்கை அலங்கார விளக்கின் கீழே ஏற்றிவிட்டேன்! மறுநாளே ஆள் அனுப்பிப் பதினொரு பனியனையும் வாங்கிக்கொண்டார். பந்தையும் வாங்கிக்கொண்டார். பனியன் யாருடையது? அவருடையது. பந்து யாருடையது? அவருடையது. பெயர் யாருடையது? அதுவும் அவருடையதுதான். ஆனால் வெந்த மணலிலே வெறுங்காலோடு ஓடிய கால் யாருடையது? வடிந்த வேர்வை யாருடையது? சோலையின் உடைந்த முன்பல் யாருடையது? அதைக் கேட்டு எந்த ஆளும் வரவில்லை.

யார் அது பின்னால்? உரக்கச் சொல்லு தம்பி. என்ன? "பாகிஸ்தானுக்குப் போறதுதானே" என்கிறாயா?

விடுங்கள், விடுங்கள், அவரை அடிக்காதீர்கள், உட்காருங்கள். தம்பி, என் அத்தா அடங்கியிருப்பது இந்த வைகைக் கரையிலே. அவருடைய அத்தாவும் இங்கேதான். இரண்டு வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, ராத்திரி கதவைத் தாழ் போட்ட பிறகும் இன்னொரு தடவை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவன் நான். ஒரு கோட்டைப் போட்டு, உன் ஊர் அந்தப் பக்கம் என்று ஒருவன் கை காட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சின்னானை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொன்றும் இல்லை தம்பி, உட்கார்.

இலங்கைமேல் எனக்குக் கோபம் இல்லையா? இருக்கிறது. ஆனால் இரண்டு நாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் டில்லிக்கு என்ன குறைந்தது? கொழும்புக்கு என்ன குறைந்தது? பெரிய மனிதர்கள் கடிதம் எழுதிக்கொள்வார்கள், விருந்து வைத்துக்கொள்வார்கள், இன்னொரு நாள் கைகுலுக்கிக்கொள்வார்கள். அந்த இன்னொரு நாள் வரைக்கும் முனியாயி இருக்குமா? இருமுகிறதே, கேட்கிறதா? பேச்சை நிறுத்துவதற்கு ஒரு நொடி போதும், எடுப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பந்து எடுத்துக்கொண்டு நாமாவது போவோம் என்கிறேன்.

அம்மா தனியாகப் போக முடியாது. அங்கே இருக்கிறவர் பொறுப்பேற்க வேண்டும், சின்னானுக்கே காகிதம் இல்லை. நான் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் முழித்தேன். நாலாம் நாள் கடைசி வரி கண்ணில் பட்டது. 'சமையலுக்கு ஓர் ஆள்.' அடடா! அடடா! அணியோடு அம்மா போகலாம், அம்மா கையால் அணி சாப்பிடலாம், அட்டனில் இறங்கியதும் பிள்ளைக்கும் ஒரு கவளம் கொடுக்கலாம்! ஓடினேன் ஆட்டக்காரர்களிடம். ஐந்து பேர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஆறு பேர் பேனாவைத் தொடவில்லை.

நம் கோல்கீப்பர் பேச்சிமுத்து, நல்ல பிள்ளை, அவன்தான் வாய் திறந்தான். "அண்ணே, பேருக்கு எழுதிக்கங்க. நாங்க ஓட்டல்ல சாப்பிட்டுக்கிறோம்" என்றான்.

பேருக்கு! அங்கே அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவாரே. "உங்கள் சமையற்காரி யார்? நேற்று என்ன ஆக்கினாள்?" என்று கேட்பாரே. ஒருவன் திக்கினால் போதும், அணி முழுதும் திரும்ப வேண்டும். அந்த அம்மா மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எனக்கு வெட்கம், பெரியோர்களே. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் திண்டுக்கல் மேட்ச் உங்களுக்கு நினைவிருக்கும். சோலை ஒற்றை ஆளாக இரண்டு கோல் அடித்தான், தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். பிறகு சத்திரத்திலே முதலாளியின் சமையற்காரர் பந்தி போட்டார். கூடத்தில் பத்து இலை. கொல்லைப்புறத்தில், கிணற்றடியில் ஓர் இலை. கிணற்றடி இலையைப் போட்டவன் யார்? முதலாளியா? சமையற்காரரா? இல்லை. காரியதரிசி அப்துல் வஹீது. "சச்சரவு வேணாம், நீ இங்கிட்டு உக்காந்துக்கப்பா" என்று நானே சொன்னேன். சோலை என்னை நிமிர்ந்து பார்த்தான். "எங்கிட்ட இருந்து பந்த வாங்கிக்கிறீக, ஒரு செம்புத் தண்ணி வாங்க மாட்டேங்கிறீகளே அண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சாப்பிட்டான், கை கழுவினான், லாரியில் வந்து ஏறிக்கொண்டான்.

சேரி மக்களுக்குக் கோயில் கதவு திறந்து பத்து வருஷம் ஆயிற்று இந்த மதுரையிலே. கிணற்றடி இலை அப்படியே கிடக்கிறது. கொழும்புக்காரனைப் பார்த்து, எங்கள் ஆளை ஏன் ஒதுக்குகிறாய் என்று கேட்கப்போகிறோமே, எந்த வாயால் கேட்பது? எந்த வாயால், சொல்லுங்கள்! சின்னானுக்கு அங்கே பெர்மிட் இல்லை. அவன் அம்மாவுக்கு நம் பந்தியிலே பெர்மிட் இருக்கிறதா?

ஆகையினாலே ஒரு காரியம் செய்திருக்கிறேன். தலைவரிடம்கூடக் கேட்கவில்லை, மாமா மன்னிக்க வேண்டும். காலையிலிருந்து முனியாயி அம்மா இந்த மேடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறது. அதுதான் மணக்கிறது, வெகுநேரமாக மூக்கை உறிஞ்சுகிறீர்களே! மேடையிலே பதினொரு இலை போட்டாயிற்று. சோலையின் இலை நடுவிலே. சாப்பிட்டவன் கையெழுத்துப் போடுவான். இஷ்டமில்லாதவனை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கு எல்லாம் வெளிச்சத்திலே நடக்கட்டும்.

இருங்கள், நான் முதலில் ஒரு வாய் போட்டுக்கொள்கிறேன்.

ம்... கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டது. காரம் கொஞ்சம் தூக்கல். கண்ணில் நீர் காரத்தால்தான், கவலைப்படாதீர்கள். நம் ஆட்டக்காரன் ஜலால் வந்துவிட்டான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் வந்துவிட்டார்கள். சோலை, உட்காரப்பா, நடுவிலே. அந்த ஐந்து போக, இன்னும் ஆறு இலை.

மருது! நம் கேப்டன் மருது எழுந்து நிற்கிறான். அவனுடைய அப்பா முன்வரிசையில் இருக்கிறார், எல்லோருக்கும் தெரியும். யாரும் சத்தம் போடாதீர்கள். நடக்கிறான்... ஏறுகிறான்... வா மாப்ள, வா. உட்கார்ந்துவிட்டான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. எழுந்து போகவில்லை என்பதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். இன்னும் இரண்டு பேர். தள்ளாதீர்கள், மேடை பலகைதான்.

பத்து இலை ஆயிற்று. பேச்சிமுத்து, நீ எழுந்துபோய் அந்த மணல்மேட்டில் நிற்கிறாய், தெரிகிறது. முதலாளி வண்டி பக்கத்தில் நிற்பதும் தெரிகிறது. வருகிறாயா?... போகிறாய். சரி. போய்விட்டு வா.

சபையோரே, எனக்கு வயது நாற்பத்தேழு. இந்தத் தொந்தியோடு கோலுக்கு நடுவில் நின்றால் பாதிக் கோல் அடைபட்டுவிடும். பதினோராவது பெயர் அப்துல் வஹீது என்று எழுதுகிறேன். மானேஜராகத் தலைவர் அவர்கள்... மாமா? தலையாட்டுகிறார், பயந்துகொண்டேதான் ஆட்டுகிறார், பரவாயில்லை. பேச்சிமுத்துவின் இலையை மட்டும் யாரும் எடுக்காதீர்கள். அது ரயில் புறப்படும் வரை அங்கேயே இருக்கட்டும். பெர்மிட் கிடைக்குமா, கப்பல் ஏற்றுவார்களா, எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

பாங்கு சொல்லப்போகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். பந்து வாங்க ஆளுக்கு ஒரு கை கொடுத்த தெருக்காரர்களுக்கும், பனியனுக்குச் சாயம் முக்கிக் கொடுத்த தாய்மார்களுக்கும், சோடா கொடுத்த தம்பிமார்க்கும், ஏசியவருக்கும், எழுந்து போகாதவருக்கும் என் நன்றி. வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். முனியாயி அம்மா மேடைக்குக் கீழே வந்து நின்று ஏதோ கேட்கிறது. சத்தமாகச் சொல்லும்மா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"உப்பு பத்துச்சான்னு கேக்குறேன்யா. எம்மகன் உப்புக் கொறச்சலாத்தான் திம்பான். அங்கிட்டுப் போயி ஆக்குறப்ப எம்புட்டுப் போடணும்னு இப்பவே தெரிஞ்சுக்கிடணும்ல."

பத்துச்சும்மா. பத்துச்சு. பேனாவைக் கொடப்பா ஜலால், அந்தக் கடைசி வரியை எழுதிவிடுகிறேன். பெயர்: முனியாயி. ஊர்: கப்பலூர்.